அரிவாளுக்கு ஒரு பாலிசி

தபால்தலை சேர்ப்பவர் நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஆல்பத்தைப் புரட்டிக் காட்டலாம். பழைய நாணயம் சேர்ப்பவர் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைக்கலாம். கலெக்டரே வந்து ரிப்பன் வெட்டுவார். கத்தி சேர்ப்பவனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. "வீட்டுக்கு ஒரு நாள் வாங்க சார், நல்ல நல்ல கத்தியா வச்சிருக்கேன், காட்டறேன்" என்று தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு அவர் நம் வீட்டுப் பக்கம் வாக்கிங்கூட வரமாட்டார்.

இத்தனைக்கும் எங்கள் ஊர் சேர்ப்பவர்களை மதிக்காத ஊரில்லை. ஊருக்குப் பெயர் கொடுத்த மறைமலை அடிகளே பெரிய சேகரிப்பாளர். பல்லாவரத்தில் இருந்துகொண்டு ஆயிரக்கணக்கில் புத்தகம் சேர்த்தார். அவர் காலத்துக்குப் பிறகு, 1958-இல் அந்தப் புத்தகங்களை வைத்தே சென்னையில் அவர் பெயரில் நூலகம் தொடங்கினார்கள். பிற்பாடு ஜி.எஸ்.டி. ரோட்டோரம் துணை நகரம் ஒன்றை அமைத்தபோது அதற்கும் அவர் பெயரையே வைத்தார்கள். புத்தகம் சேர்த்தால் பெயர் ஊருக்கு வரும், கத்தி சேர்த்தால் எஃப்.ஐ.ஆரில்தான் வரும் என்பது என் மனைவியின் கணிப்பு.

என்னிடம் இருப்பது ஜமீன் வீட்டு உடைவாளோ, கைப்பிடியில் மாணிக்கம் பதித்த குறுவாளோ அல்ல. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து போன கட்டாரிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. என் கையிருப்பு எல்லாம் வேலை செய்து களைத்தவை. தாத்தா முகம் மழித்த ஜெர்மன் சவரக்கத்தி ஒன்று. கிளி வடிவப் பித்தளைப் பாக்குவெட்டி ஒன்று. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பாளை அரிவாள் ஒன்று. ஒரகடம் கார் ஆலையில் இருந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்துவிட்டுப் போன சமையல் கத்தி ஒன்று. தக்காளியைக் காகிதக் கனத்துக்குச் சீவுகிற கத்தி அது. அதை வைத்து என் வீட்டில் பலாப்பழம் பிளந்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே பாட்டியின் அரிவாள்மனை. அறுபது எழுபது வருஷம் சாணை பிடித்துப் பிடித்து, நடுவில் தேய்ந்து பிறைபோல வளைந்துவிட்ட இரும்பு. நுனியில் தேங்காய்த் துருவி. அதில் முன்பல் இரண்டு கிடையாது. பலகையின் ரேகைகளுக்குள் மஞ்சள் கறை ஏறி, எந்தச் சோப்புக்கும் போவதில்லை. பாட்டி வலதுகாலை மடக்கிப் பாதத்தால் அழுத்திய இடத்தில் லேசாக ஒரு பள்ளம். பலகையைத் திருப்பினால், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட 'மு' என்ற ஓர் எழுத்து. கல்யாண வீடுகளுக்கு இரவல் போனால் சரியாகத் திரும்பி வரவேண்டுமே என்று முத்தம்மாள் பாட்டி செய்த ஏற்பாடு.

இன்ஷூரன்ஸ் யோசனை எப்படி வந்தது என்றால், வீட்டுக் கடனோடு ஒட்டிக்கொண்டு வந்த வீட்டுக் காப்பீடு புதுப்பிக்கும் கட்டத்துக்கு வந்தது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரி பாலிசியைத் தரவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதித்திருக்கிறது. கட்டடத்துக்கு எடுத்தால், உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, தானாகவே காப்பு உண்டு. அது சாதாரண சாமானுக்கு. நகை, வெள்ளி, ஓவியம், பழம்பொருள் போன்ற மதிப்புமிக்க பொருள்களுக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 'பழம்பொருள்' என்று படித்ததும் என் கண் அலமாரிப் பக்கம் போனது.

கூடுவாஞ்சேரியிலிருந்து ஏஜென்ட் தம்பி ஸ்கூட்டரில் வந்தார். தங்கமான பையன். சோபாவில் உட்கார்ந்தார். பொருளைப் பார்க்க வேண்டும் என்றார். நான் உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்துவந்து டீப்பாயில் பரப்பினேன். மூன்றாவது கத்தி வந்தபோது அவர் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தார். திருப்பாச்சேத்திப் பட்டறையில் வாங்கிய அரிவாளோடு நான் வெளியே வந்தபோது, வாசலுக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறியிருந்தார்.

"சார், இது... திருப்பாச்சி படத்துல வருமே..."

"அதேதான் தம்பி. விஜய் படம் 2005-ல வந்தது. அருவா அதுக்கு ரொம்ப முன்னாடி வந்தது. பிடிச்சுப் பாருங்க."

கையில் கொடுக்கப் போனேன். உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, கத்தியைக் கையில குடுக்காதீங்க, சண்டை வரும். கீழ வச்சு எடுக்கச் சொல்லுங்க." சொல்லிக்கொண்டே அவளும் வெங்காயக் கத்தியோடு வெளியே வந்து நின்றாள். அன்றைக்கு அந்தப் பையன் காப்பி குடித்த வேகத்தை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை.

திருப்பாச்சேத்தி சிவகங்கை மாவட்டத்தில், மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் இருக்கிறது. பட்டறையில் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை உலையில் போட்டு, செக்கச்செவேலென்று ஆனதும் சம்மட்டியால் அடித்து இழுத்து, தண்ணீரில் தோய்ச்சல் கொடுப்பார்கள். 'சுர்ர்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், கச்சேரிக்கே போகவேண்டாம். நான் வாங்கப் போன சமயத்தில் காவல்துறை ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தது. 2021-இல் தமிழ்நாடு முழுக்கப் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டு, அரிவாள் வாங்க வருகிறவரின் பெயர், முகவரி, போன் நம்பரைக் குறித்து வைக்கவேண்டும், எதற்கு வாங்குகிறார் என்று கேட்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆசாரி நோட்டைத் திறந்தார்.

"எதுக்குண்ணே அருவா?"

"சேத்து வைக்கத்தான்."

நிமிர்ந்து பார்த்தார். "சேத்து வச்சு?"

"சும்மா, அப்பப்ப எடுத்துப் பாக்கறதுக்கு."

ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டு, நோட்டில் 'தேங்காய்' என்று எழுதிக்கொண்டார். என் அனுபவத்தில் அதைவிட விவேகமான அரசாங்கப் பதிவு கிடையாது.

ஏஜென்ட் தம்பி இப்போது கேட்டார்: "சார், இதுக்கெல்லாம் வாங்கின பில் இருக்கா?" பில் ஏது? அரிவாளை நான்தான் வாங்கினேன் என்பதற்கு உலகத்தில் உள்ள ஒரே எழுத்துபூர்வ ஆதாரம், போலீசுக்காக வைத்திருக்கும் அந்த நோட்டுதான். இழப்பீடு கேட்டு நான் விண்ணப்பித்தால், "உடைமைக்கான சான்று: சம்பந்தப்பட்ட காவல் நிலையத்தில் விசாரிக்கவும்" என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

இங்கேதான் பெரிய தர்மசங்கடம் ஒன்று. ஆயுதச் சட்டம் 1959-ஆம் வருஷத்தது; அதற்கான விதிகள் 2016-இல் புதிதாக வந்தன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதப் பட்டியலில் வரும். ஆனால் வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கென்று செய்யப்பட்டதாக இருந்தால் வராது. ஆகவே, வாசலில் போலீஸ் வந்து நின்றால் நான் சொல்ல வேண்டியது: "சார், இது தேங்காய் வெட்டுற சாதா அருவா. ஒண்ணுமில்லாத பொருள்." இன்ஷூரன்ஸ்காரர் வந்தால் சொல்ல வேண்டியது: "தம்பி, இது சாதா அருவா இல்ல. கலைப்பொருள். விலைமதிக்க முடியாதது." காப்பீட்டுச் சட்டத்தின் அடித்தளமோ பரிபூரண நல்லெண்ணம்; எடுப்பவர் ஒன்றையும் மறைக்கக் கூடாது. இருவரும் ஒரே நாளில் வந்துவிட்டால் யாருக்கு நல்லெண்ணம் காட்டுவது?

பிறகு மதிப்பீடு. மதிப்புமிக்க பொருளுக்கு, இருதரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகை என்று ஒன்று குறிக்க வேண்டும். இது முக்கியம். ஏனென்றால் சாதாரண சாமானுக்குப் புதிதாக வாங்க ஆகும் செலவைத்தான் தருவார்கள். ஃபிரிட்ஜுக்கு அது சரி. பாட்டியின் அரிவாள்மனை போய்விட்டால் தாம்பரம் மார்க்கெட்டில் புத்தம்புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளப் பணம் கொடுப்பது என்ன நியாயம்? பல் இரண்டு இல்லாத துருவியை எந்தக் கடையில் தேடுவது?

நகைக்கு மதிப்பீட்டாளர் இருக்கிறார். அரிவாளுக்கு யார்? நகை மதிப்பிடும் ஒருவரிடமே கொண்டுபோனேன். சவரக்கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிடியில் யானைத்தந்தம் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "இரும்புக்கு உரைகல் கிடையாது சார்" என்றார். பாக்குவெட்டியின் பித்தளையை மட்டும் எடை போட்டுச் சொன்னார். பழைய இரும்புக் கடைக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் வைக்கச் சொன்னார். கிலோவுக்கு என்ன தருவேன் என்றும் சொன்னார், அதை இங்கே எழுத மனம் வரவில்லை. மூன்றாவதாக, தெருவில் கத்தி சாணை பிடிக்க வருகிறவர். அலகை நகத்தில் வைத்துப் பார்த்து, காதருகே தட்டிக் கேட்டு, "நல்ல இரும்புண்ணே, இப்ப இது வராது" என்றார். மூன்று பேரில் பொருள் தெரிந்தவர் அவர்தான். அவருடைய சான்றிதழ்தான் செல்லாது.

நல்லவேளையாக விதியிலேயே ஒரு கருணை இருக்கிறது. மதிப்புமிக்க பொருள்களின் மொத்தத் தொகை 5 லட்சம் ரூபாய்க்குள், ஒவ்வொரு பொருளும் 1 லட்சத்துக்கு மிகாமல் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழே வேண்டாம். இதைப் படித்ததும் நிம்மதியும் வந்தது, கொஞ்சம் அவமானமும் வந்தது. என் பொக்கிஷம் முழுவதையும் எவ்வளவு இழுத்து விலை போட்டாலும் அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

"எத்தனை வருஷப் பழசு சார்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு எழுதிக்கொண்டார் ஏஜென்ட். எங்கள் புறநகரில் அந்தக் கேள்வியை ஜாக்கிரதையாகக் கேட்கவேண்டும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30-ஆம் தேதி, இதே ஜி.எஸ்.டி. ரோட்டு ஊரான பல்லாவரத்தில், சரளைக் குழி ஒன்றிலிருந்து மனிதக் கையால் செதுக்கிய கல் ஒன்றை எடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால ஆராய்ச்சியே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. அதே ஆண்டில் அவர் கண்டுபிடித்த அத்திரம்பாக்கத்தில் பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் தோண்டியெடுத்த கல்லாயுதங்களுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. வருஷத்துக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழிக்கும் அதிகாரி யாராவது அதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டவேண்டும். ஃபூட் தன் வாழ்நாள் சேகரிப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். கத்தி சேர்த்து, அதை அரசாங்கத்துக்கே விலைக்குக் கொடுத்த மனிதர்! மனைவியிடம் இதை அடிக்கடி சொல்வேன். "அவர் கல்லுதானே சேத்தாரு, அருவா சேக்கலியே" என்பாள்.

பாலிசி வந்தது. படித்தேன். எந்தெந்த ஆபத்துகளுக்குக் காப்பு என்று வரிசையாகப் போட்டிருந்தது: தீ, இடி, பூகம்பம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, எரிமலை, ஏவுகணைச் சோதனை. மறைமலை நகரில் எரிமலை வெடித்து, அதில் என் அரிவாள் போனால் பணம் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள், அரிவாளைத் தீ என்ன செய்யும்? தீயில் பிறந்த சாமான் அது. பூகம்பம் வந்தால் வீடு இடியும். அரிவாளுக்குக் கீறல் விழாது. மண்ணுக்குள் போனாலும் கவலையில்லை. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த இரும்புப் பொருள்களில் கத்தியும் இருந்தது. அங்கே இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அந்தக் காலத்து மனிதர் யாரையும் நம்பாமல் கத்தியைத் தன்னோடு தாழியிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார். பிரீமியம் இல்லை, புதுப்பித்தல் இல்லை, ஐயாயிரம் வருஷம் கியாரண்டி.

என் கத்திகளுக்கு நிஜமாகவே வரக்கூடிய ஆபத்துகள் விலக்குப் பட்டியலில் இருந்தன. துரு: கிடையாது. படிப்படியாக ஏற்படும் சேதம் எதற்கும் காப்பு இல்லை. வெள்ளத்தில் ஒரே நாளில் பிடித்த துரு என்றால் கேட்கலாம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கியதே, அப்படி ஒரு நாள் வந்தால், இது அந்த வெள்ளத்துத் துருவா, அதற்கு முன்பே நான் தேங்காயெண்ணெய் தடவாமல் விட்ட துருவா என்று சர்வேயர் வந்து பிரித்துச் சொல்ல வேண்டும். பலாப்பழம்: பட்டியலிலேயே இல்லை. ஆயுதபூஜையன்று சந்தனமும் குங்குமமும் அப்பி, ஈரத்தோடு மறுநாள் வரை அப்படியே விட்டதால் வந்த கறை: அது பக்தி, விபத்து அல்ல.

திருட்டு விஷயம் இன்னும் விசேஷம். இந்த பாலிசிப்படி, தீயோ வெள்ளமோ வந்து, அதன் காரணமாக 7 நாளைக்குள் திருடு போனால்தான் காப்பு. திருடன் வெள்ளம் வரும்வரை காத்திருந்து வரவேண்டும். மற்ற நாளில் வருகிற திருடனுக்குத் தனியாகக் கொள்ளைக் காப்பீடு எடுக்கவேண்டும். அதிலும் அவன் பூட்டையோ ஜன்னலையோ உடைத்துக்கொண்டு, பலவந்தமாக நுழைந்த அடையாளம் இருக்கவேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கத்தி எடுத்துப் போகிறவர்களோ பூட்டை உடைப்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டு, காப்பி குடித்துவிட்டுத்தான் எடுத்துப் போகிறார்கள்.

பொங்கலுக்கு அதுதான் நடந்தது. கரும்பு வெட்ட யாரோ திருப்பாச்சேத்தி அரிவாளை வாங்கிப் போனார்கள். மனைவி கொடுத்தாள், யாரிடம் என்று நினைவில்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீடு, அங்கிருந்து அடுத்த தெரு என்று கரும்போடு கரும்பாக அது போய்விட்டது. ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

"சார், காணாம போனது, இடம் மாறினது, இன்ன சம்பவத்தாலதான்னு அடையாளம் சொல்ல முடியாதது எதுக்கும் க்ளெய்ம் கிடையாது சார்."

"அடையாளம் சொல்ல முடியுமே தம்பி. பொங்கல்."

"பொங்கல் இன்ஷூர்டு ஈவென்ட் இல்ல சார்." கொஞ்சம் பொறுத்து, "அதோட, வீட்டை விட்டு வெளிய எடுத்துட்டுப் போன பொருளுக்கும் கிடையாது சார்" என்றார். அந்தப் பையன் நிதானமாகப் பேசுவதை அன்றைக்குத்தான் கேட்டேன். போனில் கத்தி இல்லை அல்லவா.

இதையெல்லாம் பார்க்கும்போது நம் ஊர்ப் பழைய ஏற்பாடு ஒன்றும் மோசமில்லை. பிள்ளை பெற்றவள் படுக்கைக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு வைப்பார்கள். தொட்டிலுக்கு அடியில் சின்னக் கத்தி கிடக்கும். காத்து கருப்பு அண்டாமல் இருக்கக் கத்திதான் பாலிசி. அந்தக் கத்திக்கே நான் பாலிசி எடுத்திருக்கிறேன் என்றால், துறைக்காரர்கள் மறுகாப்பீடு என்கிறார்களே, அதுதான் இது. தென்மாவட்டங்களில் கருப்பசாமி கோயில்களில் வேண்டிக்கொண்டவர்கள் கொடுத்த அரிவாள்கள் வெட்டவெளியில் வரிசையாக நட்டுக் கிடக்கும். கதவு இல்லை, பூட்டு இல்லை, சி.சி.டி.வி. இல்லை. ஒருவரும் கரும்பு வெட்ட எடுத்துப் போவதில்லை. இன்ஷூரன்ஸ் பாஷையில் தெய்வச்செயல் என்றால் இழப்பு. அங்கே பாதுகாப்பே தெய்வச்செயல்தான்.

இருந்தாலும் பாலிசியைத் தொடர்கிறேன். ஆண்டுக்குக் கட்டுகிற தொகை, ஜப்பான் கத்திக்குத் தோலில் உறை தைத்த கூலியைவிடக் குறைவு. உங்களிடமும் பாட்டி காலத்துச் சாமான் ஏதாவது இருந்தால், நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அடியில் சுட்ட எழுத்து இருந்தால் அதையும் எடுத்து, தொகையை எழுத்தில் ஒப்புக்கொண்டு எடுங்கள். திருட்டுக்குத் தனியாகக் கேளுங்கள், தானாகத் தரமாட்டார்கள்.

எங்கள் தெருவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிடியில் பித்தளைப் பூண் போட்ட அரிவாள் யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். யார் எடுத்தது என்று கேட்கமாட்டோம். பகல் வேளையில், துணிப்பையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். கையில் கொடுக்க வேண்டாம். வாசற்படியில் வைத்துவிட்டு மணி அடித்தால் போதும்.